எல்லைக்கல் – 9: கோல் வந்தது, கல் நின்றது

சென்ற வாரம் கதை தக்கோலத்தில் நின்றது. ஆண்டு 949. சோழ இளவரசன் இராசாதித்தன் யானை மீதிருந்தபடியே உயிர்விட்டான். அவனை வீழ்த்திய கங்க மன்னன் பூதுகனுக்கு, இராட்டிரகூடப் பேரரசன் மூன்றாம் கிருஷ்ணன் வனவாசி பன்னீராயிரம், பெள்வொலம் முந்நூறு என்று நாடுகளை அள்ளிக் கொடுத்தான். திருநாவலூரில் பல காலம் பாடி இறங்கி வடக்கைக் காத்துநின்ற சோழப் படை கலைந்தது.

பெண்ணையாற்றுப் பக்கத்தில் இனி வரி யாருக்கு?

பாகூர் மூலநாதர் கோயில் சுவரும் திருநாவலூர்க் கோயில் சுவரும் அதற்கு ஒரே விடையைத்தான் சொல்கின்றன. அங்கே ஆட்சியாண்டு எண்ணப்படுவது சோழன் பெயரில் இல்லை. கச்சியும் தஞ்சையும் கொண்ட கன்னரதேவன் பெயரில். கன்னரதேவன் என்றால் அதே கிருஷ்ணன்தான். தஞ்சையைக் கொண்டதாகச் சொல்வதில் மிகை உண்டு. ஆனால் காஞ்சியிலிருந்து பெண்ணையாறு வரையுள்ள நிலத்தில் அவன் சொல் செல்லுபடியானது என்பதில் ஐயமில்லை. கன்னடத்து மன்னனின் ஆண்டுக்கணக்கில், தமிழ் ஊர்களில், தமிழிலேயே விளக்குக்கும் பூசைக்கும் கொடை எழுதப்பட்டது.

◆

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போகிறவர்களுக்கு ஒரு வேடிக்கை காத்திருக்கும். கோட்டக்குப்பம் வந்தால் தமிழ்நாடு. கொஞ்ச தூரத்தில் காலாப்பட்டு, மறுபடியும் புதுச்சேரி. கனகசெட்டிக்குளத்தைத் தாண்டினால் கீழ்புத்துப்பட்டு, மீண்டும் தமிழ்நாடு. பேருந்தில் ஒரு தூக்கம் போட்டு எழுவதற்குள் இரண்டு மூன்று முறை எல்லை மாறிவிடும். மதுக்கடைப் பலகைகளைப் பார்த்தே எந்த ஆட்சியில் இருக்கிறோம் என்று சொல்லிவிடலாம்.

இந்தக் குளறுபடி பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் சேர்ந்து போட்ட முடிச்சு. தொடரில் அது வருவதற்கு இன்னும் பல வாரங்கள் ஆகும். இந்த வாரத்துக்கு வேண்டியது அதற்கும் ஏழெட்டு நூற்றாண்டுகள் முந்திய எல்லை.

கீழ்புத்துப்பட்டு அய்யனாரைக் கும்பிட்டுவிட்டு வடக்கே நடந்தால் மரக்காணத்து உப்பளங்கள். மேற்கே கழுவெளி. மழைக்காலத்தில் கடலா ஏரியா என்று தெரியாமல் பரந்து கிடக்கும் உவர்நீர்ப் பரப்பு அது. அதற்கும் அப்பால் ஏரிகளை நம்பிய ஊர்கள், செம்மண் மேடுகள், பிறகு திண்டிவனம். காவிரிப் படுகை போல வாய்க்காலுக்கு வாய்க்கால் ஊர் நெருங்கிக் கிடக்கும் நிலம் இதுவன்று. ஏரி இருந்தால் ஊர். ஏரி உடைந்தால் ஊரும் போச்சு.

இந்த நிலத்துக்கு அன்றைய பெயர் ஓய்மாநாடு.

சிறுபாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவன் நல்லியக்கோடன் ஆண்ட நாடு. அந்த நூல் சொல்லும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்பது அறிஞர் பலர் கருத்து. கிடங்கில் இன்று திண்டிவனத்துக்குள் அடங்கிவிட்டது. அதாவது பல்லவர் வருவதற்கு முன்பே இந்த நாட்டுக்குப் பெயர் உண்டு, தலைவன் உண்டு.

தொண்டை மண்டலத்தை 24 கோட்டங்களாகப் பிரித்துச் சொல்வது மரபு. புழல் கோட்டம், எயில் கோட்டம், ஊற்றுக்காட்டுக் கோட்டம், களத்தூர்க் கோட்டம் என்று நீளும் அந்தப் பட்டியலில் ஓய்மாநாடு கிடையாது. தெற்கே போனால் திருமுனைப்பாடி நாடு, பெண்ணைக்கரை, அதையும் தாண்டிச் சோழநாடு. காஞ்சியில் இருப்பவனுக்கு இது தெற்குக் கோடி. தஞ்சையில் இருப்பவனுக்கு வடக்குக் கோடி. இரண்டு பேரரசுகளின் முந்தானையில் கிடந்த நிலம். அப்படிப்பட்ட நிலத்தில் யார் வென்றாலும் முதலில் தேட வேண்டியது ஊரறிந்த ஆளைத்தான்.

◆

அந்த ஆள் யார்?

தக்கோலப் போருக்கு ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு முன்பு வெட்டப்பட்ட பாகூர்ச் செப்பேடுகள் அவரைக் கண்முன் நிறுத்துகின்றன. பல்லவ மன்னன் நிருபதுங்கன், பாகூரில் நடந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடுக்கிறான். கொடுக்கச் சொல்லி வேண்டியவன் நிலைதாங்கி என்ற அமைச்சன். ஊர்கள் சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி. அருவாநாட்டுக் கீழ்வழி வாகூர் நாட்டில் இவை இருந்தன.

காஞ்சியில் மன்னன் சொன்ன மாத்திரத்தில் ஊர் கைமாறிவிடாது. ஆணை ஓலையாகி, வாகூர் நாட்டு நாட்டாருக்கு வருகிறது. அவர்கள் திருமுகத்தைக் கண்டு தொழுது தலைமேல் வைக்கிறார்கள். பிறகு எழுந்து ஊர் எல்லையைச் சுற்றி நடக்கிறார்கள். நடந்த வழியெங்கும் கல்லை நடுகிறார்கள். கல்லோடு கள்ளியையும் நடுகிறார்கள். கடைசியில், எந்த எல்லைக்கு உட்பட்டது எந்த நிலம் என்று தாங்களே ஓலை எழுதி அனுப்புகிறார்கள்.

கல்லும் கள்ளியும் ஏன் சேர்ந்தே வருகின்றன? கல்லை இரவோடிரவாகப் பிடுங்கி நகர்த்தலாம். வேர்விட்ட கள்ளி வரிசையை அப்படி நகர்த்த முடியாது. மாடும் மேயாது. வயல் தகராறு பார்த்துப் பழகியவர்கள் கண்ட வழி அது.

இந்தச் சடங்கு பின்னாளில் இன்னும் பெரிதாகிறது. 1006இல் நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்தபோது எல்லையைச் சுற்றிப் பெண் யானையை நடத்தினார்கள் என்று லெய்டன் நகரத்துக்குப் போன பெரிய செப்பேடு சொல்கிறது. யானை போன தடம் எல்லை. ஊரே திரண்டு பார்த்திருக்கும். பார்த்த அத்தனை பேரும் பிறகு சாட்சி.

நாடு என்பது அரசன் வரைந்த கோடு என்று நினைத்தால் தடுமாறிப்போவோம். சோழ நாட்டு நாடுகளை ஊர் ஊராகக் கல்வெட்டிலிருந்து திரட்டி வரைபடம் போட்ட வரலாற்றறிஞர் எ. சுப்பராயலு காட்டியது இதைத்தான்: ஒரே நீரை நம்பிய, ஒருவரையொருவர் அறிந்த உழவர் ஊர்களின் தொகுதி நாடு, அந்த ஊர்களின் நிலவுடைமையாளர் கூட்டம் நாட்டார். அரசு அந்தத் தொகுதியைக் கண்டெடுத்துப் பயன்படுத்திக்கொண்டது.

கன்னரதேவனும் அதைத்தான் செய்தான். அவன் ஆட்சிக்கால ஆவணங்களில் நாடுகளின் பெயர் பழைய பெயர்தான். ஆண்டுக்கணக்கு மாறியது, நாடு மாறவில்லை.

◆

கிருஷ்ணன் 967இல் இறந்தான். அதன்பின் இராட்டிரகூடர் பிடி தளர்ந்தது. சுந்தர சோழன் காஞ்சியில் பொன்மாளிகையில் உயிர்துறந்தான் என்பதால், 970களின் தொடக்கத்தில் காஞ்சி மீண்டும் சோழர் கையில் என்பது உறுதி.

985இல் இராசராசன் பட்டத்துக்கு வருகிறான்.

அவனுக்குத் தாத்தன் காலத்துத் தோல்வி மறக்கவில்லை என்று நாவலாசிரியர் எழுதலாம். ஆவணங்களைப் பார்த்தால் தெரிவது வேறொரு கவலை: யார் எவ்வளவு வைத்திருக்கிறார்கள், எவ்வளவு தர வேண்டும்?

1001. ஆட்சியின் 17ஆம் ஆண்டு வாக்கில் நிலமளக்கும் வேலை தொடங்குகிறது. தலைமை தாங்கிய சேனாபதி குரவனுக்கு உலகளந்தான் என்ற பட்டமே கிடைத்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் அந்த அளவையின் பலனைப் பார்க்கலாம். ஒவ்வோர் ஊரிலும் மொத்த நிலம் இவ்வளவு. அதில் ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊடறுத்துப் போகும் வாய்க்கால்கள், கம்மாளர் குடியிருப்பு, பறைச்சேரி, சுடுகாடு எல்லாம் கழித்து, வரி கட்டும் நிலம் இவ்வளவு. வேலி, மா, காணி, முந்திரி, கீழ்முந்திரி என்று பின்னம் இறங்கிக்கொண்டே போய், ஒரு வேலியில் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு வரை கணக்கு போகிறது.

ஒரு வேலியை ஏறக்குறைய ஆறரை ஏக்கர் என்று வைத்துக்கொண்டால் அந்தப் பங்கு அரைச் சதுர மில்லிமீட்டர். எந்தக் கோலும் அதை வயலில் அளந்திருக்க முடியாது. இது கணக்குப்பிள்ளையின் ஓலையில் வகுத்து வகுத்து வந்த பின்னம். என்றாலும், விடாமல் வகுத்தார்கள் என்பதிலேயே அந்த அரசின் குணம் தெரிகிறது.

அளந்ததோடு விடவில்லை. காஞ்சிப் பக்கத்து உக்கல் கல்வெட்டில், இராசராசனின் 24ஆம் ஆண்டு ஆணை ஒன்று இருக்கிறது. 16ஆம் ஆண்டு முதல் 23ஆம் ஆண்டு வரை, முழுதாக இரண்டாண்டு வரி கட்டாமல் விட்ட நிலங்களை ஊரார் எடுத்து விற்றுவிடலாம். கட்டாதவருக்கு அதில் உரிமை இல்லை. சோழநாட்டுக்கு மட்டுமன்றித் தொண்டைநாட்டுக்கும் பாண்டிநாட்டுக்கும் இந்த ஆணை செல்லும்.

இங்கேயும் கவனிக்க வேண்டியது, நிலத்தை எடுக்கப்போவது தஞ்சையிலிருந்து வரும் வீரன் இல்லை. ஊரார்தான்.

◆

அடுத்தது பெயர் சூட்டும் படலம்.

வென்ற நாடெல்லாம் மண்டலங்களாயின. ஈழம் மும்முடிச்சோழ மண்டலம். பாண்டிநாடு இராசராசப் பாண்டி மண்டலம். கங்கபாடி முடிகொண்ட சோழ மண்டலம், நுளம்பபாடி நிகரிலிச் சோழ மண்டலம். தொண்டை மண்டலம் செயங்கொண்டசோழ மண்டலம் ஆனது. எல்லாமே அரசனின் பட்டப்பெயர்கள். வரைபடத்தைப் பார்த்தால் எங்கு திரும்பினாலும் ஒரே ஆள் நிற்பான்.

மண்டலத்துக்கும் நாட்டுக்கும் இடையில் வளநாடு என்ற புதிய அடுக்கு வந்தது. காவிரிப் படுகையில் அது துணிச்சலான வேலை. சத்திரியசிகாமணி, அருமொழிதேவன், பாண்டியகுலாசனி, நித்தவினோதன் என்று பெயரிட்ட வளநாடுகளுக்கு ஆறுகளையே எல்லையாக வைத்தார்கள். ஆற்றுக்கு இக்கரையும் அக்கரையும் பரவியிருந்த சில நாடுகள் இரண்டாகி, வேறு வேறு வளநாட்டில் விழுந்தன.

ஓய்மாநாட்டில்?

அங்கே வளநாடு சற்றுப் பின்னால்தான் வருகிறது, இராசராசனின் பேரன் முதலாம் இராசாதிராசன் பெயரால். மேலைச் சாளுக்கியரின் கல்யாணபுரத்தை எறிந்து விசயராசேந்திரன் என்று பட்டம் சூட்டிக்கொண்டவன் அவன். அங்கிருந்து கொண்டுவந்த துவாரபாலகர் சிலை அந்தப் பெயர் பொறித்த பீடத்தோடு தாராசுரத்தில் வெகுகாலம் நின்றது. 1054இல் கொப்பத்துப் போரில் அவனும் யானை மீதே இறந்தான்.

அவன் பட்டத்தை ஓய்மாநாட்டுக்குச் சூட்டினார்கள். ஆனால் நாட்டை வெட்டவில்லை, வேறொன்றோடு ஒட்டவுமில்லை. முழு நாட்டையும் அப்படியே எடுத்து மேலே புதுப் பலகை மாட்டியதோடு சரி. அதனால் அந்தக் காலத்துக் கொடையாவணங்கள் முகவரி எழுதும் முறை இது: செயங்கொண்டசோழ மண்டலத்து, ஓய்மாநாடான விசயராசேந்திர வளநாட்டு, இன்ன ஊர். புதுப்பெயர் வந்த பிறகும் பழைய பெயர் போகவில்லை. நூறாண்டு கடந்தும் கல்தச்சன் இரண்டையும் சேர்த்தே வெட்டினான். கல்லில் ஒவ்வோர் எழுத்துக்கும் உழைப்பு உண்டு. தேவையில்லாத பெயரை யாரும் வெட்டமாட்டார்கள். விசயராசேந்திர வளநாடு என்று மட்டும் எழுதினால் எந்த நாட்டார் கையெழுத்திட வேண்டும், எந்த ஏரிக்கு யார் பொறுப்பு என்பது தெரியாது.

தஞ்சைக்குப் பக்கத்தில் நாட்டைத் துண்டாடத் துணிந்த அரசு, விளிம்பில் அதைத் தொடவில்லை. தக்கோலம் கற்றுக்கொடுத்த பாடம் என்று இதைச் சொல்வதில் தவறில்லை. எல்லை நிலத்து நாட்டாரைப் பகைத்துக்கொண்டால், அடுத்த முறை வடக்கிலிருந்து படை வரும்போது அவர்கள் யாருடைய ஆண்டுக்கணக்கைக் கல்லில் வெட்டுவார்கள் என்று சொல்ல முடியாது.

◆

கதையைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, உலகின் மறுமூலைக்குப் போய்வரலாம்.

1086. சோழ அரியணையில் முதலாம் குலோத்துங்கன், சுங்கம் தவிர்த்தவன், நிலத்தை மறுபடியும் அளக்கச் சொல்கிறான். அதே 1086இல், இங்கிலாந்தை இருபதாண்டுக்கு முன்பு வென்ற நார்மண்டி வில்லியம், தன் நாட்டின் ஒவ்வோர் ஊரையும் ஏரையும் எண்ணிப் பதிவு செய்கிறான். டூம்ஸ்டே புத்தகம் என்று பின்னாளில் பெயர் பெற்ற பதிவேடு அது. இரண்டு அரசர்களும் ஒருவரையொருவர் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. ஆண்டு பொருந்திப்போனது தற்செயல். தேவை பொருந்திப்போனது தற்செயல் இல்லை.

வில்லியமின் அதிகாரிகளுக்கு மேற்கு எல்லையில் சிக்கல் வந்தது. ஆங்கிலேய மாவட்டங்கள் ஹண்ட்ரட் என்ற வட்டங்களாகப் பிரிந்திருந்தன. எல்லைக்கு அப்பால் வேல்ஸ் மக்களுக்குக் கான்ட்ரெவ் என்ற பிரிவும், அதற்குள் கம்மட் என்ற சிறு பிரிவும் இருந்தன. ஹண்ட்ரட், கான்ட்ரெவ் இரண்டுமே நூறு என்ற எண்ணில் பிறந்தவை. நம் பூதுகனுக்குக் கிடைத்த பன்னீராயிரமும் முந்நூறும் போல. தெகைங்கில் என்ற வேல்ஸ் கான்ட்ரெவைச் செஷயர் மாவட்டத்தின் அட்டிஸ்கிராஸ் ஹண்ட்ரட் என்று பதிவேட்டில் எழுதினார்கள். ஆளும் நிலமும் அதேதான். புத்தகத்தில் தலைப்பு வேறு.

ஆர்ச்சன்ஃபீல்டு என்ற இடத்தில் அதுவும் முடியவில்லை. எர்கிங் என்ற பழைய வேல்ஸ் நாட்டின் மிச்சம் அது. ஹெரிஃபோர்டு மாவட்டத்துக்குள் இருந்தும், அங்கிருந்த வேல்ஸ் குடிகளின் வழக்கத்தைத் தனியாக எழுதிவைக்க வேண்டியிருந்தது. வரியில் ஒரு பகுதி தேன். அரசன் படை வேல்ஸுக்குள் போனால் முன்னே போக வேண்டியவர்களும் திரும்பும்போது பின்னே காக்க வேண்டியவர்களும் இவர்கள்தான். இரண்டு பக்கமும் தெரிந்தவனை முன்னால் அனுப்புவது எந்தப் படைக்கும் புத்தி.

இருநூறு ஆண்டு கழித்து முதலாம் எட்வர்டு வேல்ஸை முழுவதும் வென்றான். கடைசி இளவரசன் லெவலின் 1282இல் கொல்லப்பட்டான். 1284இல் ருட்லன் சட்டம் மேலே ஆங்கில மாவட்டங்களை அமைத்து, ஷெரிஃபுகளை உட்கார வைத்தது. கீழே? பழைய கம்மட்டுகளையே வைத்துக்கொண்டது. வளநாடு மேலே, ஓய்மாநாடு கீழே.

அந்த எல்லையில் இன்னொரு கூட்டமும் வளர்ந்தது. எல்லையைக் காக்கிறோம் என்று கோட்டை கட்டிக்கொண்டு, தங்கள் நிலத்தில் தாங்களே நீதி வழங்கிய எல்லைப் பிரபுக்கள். அவர்கள் நிலத்தில் அரசனின் ஓலை ஓடாது என்று ஆங்கிலேயரே சொன்னார்கள். 1536 வரை அதே நிலை.

நம் பெண்ணையாற்றுப் பக்கத்திலும் அப்படியொரு கூட்டம் வளர்ந்தது. தொடரின் அடுத்த திருப்பம் அங்கேதான்.

◆

12ஆம் நூற்றாண்டில் பெண்ணைக்கும் பாலாற்றுக்கும் இடைப்பட்ட கோயில்களின் சுவர்களைப் படித்தால், அரசன் பெயருக்குக் கீழே வேறு பெயர்கள் பருத்துக்கொண்டே வருவது தெரியும். மலையமான்கள், வாணகோவரையர்கள், செங்கேணிச் சம்புவராயர்கள், காடவராயர்கள். பலர் சோழனின் அதிகாரிகளாகவும் படைத்தலைவர்களாகவும் தொடங்கியவர்கள். ஊரைக் காப்பதற்கான பாடிகாவல் உரிமை இவர்கள் கைக்கு வந்தது. காவலுக்கென்று வாங்கிய வரி நாளடைவில் அவர்களுக்கே உரிய வரியானது.

இன்னொரு பக்கம் நாட்டாரும் சும்மா இருக்கவில்லை. நாடு நாடாக இருந்தவர்கள் ஒன்றுகூடி, சித்திரமேழிப் பெரியநாட்டார் என்ற பெயரில், ஏரைச் சின்னமாகக் கொண்டு ஒரே குரலில் தீர்மானம் போட்டார்கள். திருக்கோவலூர் அவர்களின் முக்கிய இடங்களில் ஒன்று.

மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், 1178க்கும் 1218க்கும் இடையில், நடந்தது இன்னும் விசித்திரம். இந்தக் குறுநிலத் தலைவர்கள் தங்களுக்குள் உடன்படிக்கை செய்துகொண்டு கோயில் சுவரிலேயே வெட்டிவைத்தார்கள். உன் பகைவன் என் பகைவன்; உன் ஆளை நான் சேர்க்கமாட்டேன்; இருவரும் சோழனுக்கு உண்மையாக இருப்போம். உண்மையாக இருப்பவர்களுக்கு அப்படி ஓர் ஒப்பந்தம் ஏன் தேவைப்பட்டது என்று குலோத்துங்கன் கேட்டானா என்பதற்குக் கல்வெட்டு இல்லை.

அவனுக்குப் பின் வந்த மூன்றாம் இராசராசனுக்குக் கேட்க நேரமே கிடைக்கவில்லை. அவன் காலத்தில், வந்தவாசிக்குப் பக்கத்துத் தெள்ளாற்றில் காடவராயன் கோப்பெருஞ்சிங்கன் அவனைத் தோற்கடித்தான். தோற்கடித்ததோடு நிற்காமல், சோழச் சக்கரவர்த்தியைப் பிடித்துக்கொண்டுபோய்ச் சேந்தமங்கலத்துக் கோட்டையில் அடைத்தான். கோலெடுத்து உலகளந்தவன் வழிவந்தவன், ஊர்க்காவல் உரிமையோடு வளர்ந்த குடும்பத்தின் சிறையில்.

செய்தி எட்டி, போசளப் படை மேற்கிலிருந்து இறங்கியது. 1231இல் திருவதிகையும் திருவக்கரையும் உள்ளிட்ட ஊர்கள் எரிந்தன. கடற்கரை வரை அழிவு வந்தது என்று திருவயிந்திரபுரம் கல்வெட்டு சொல்கிறது. திருவக்கரையிலிருந்து கீழ்புத்துப்பட்டுக் கடற்கரை ஒரு நாள் நடைக்குள்தான்.

மூன்று நூற்றாண்டாகப் பேரரசுகள் தொடத் துணியாத நாட்டாருக்கு இந்தச் சண்டையில் எந்தப் பக்கம் நின்றால் பிழைப்பு? கோப்பெருஞ்சிங்கனின் துணிவுக்குப் பின்னால் வாள் மட்டும்தான் இருந்ததா, அல்லது கல்லும் கள்ளியும் நட்ட கைகளும் இருந்தனவா?

(அடுத்த வாரம்: சேந்தமங்கலத்துச் சிறை)